தணிவு வில்லை

மயில்சாமி விழுந்து செத்த அறையில் அப்போது முப்பத்தாறு டிகிரி சூடு. இயந்திரம் கெட்டுப்போய் ஏறிய சூடென்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. ‘நெடுநலம்’ இல்லத்தில் வருடம் முழுவதும் எல்லா அறைகளிலும் வைத்திருக்கும் சூடே அதுதான். அங்கே குடியிருந்தவர்கள் நூறையும் நூற்றுப்பத்தையும் தாண்டியவர்கள். கோயம்புத்தூரின் மே மாதத்திலும் கம்பளிக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு “குளுருதுப்பா” என்று முனகுகிறவர்கள். அவர்களைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கிற வேலை மயில்சாமிக்கு. வயது முப்பத்தொன்பது.

அக்கா துளசிமணிக்குச் செய்தி வந்தபோது அவள் காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூருக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரம் கட்டினாள். பிறகு எழுந்து, நிறைந்திருந்த வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

“வண்டி ரூட்டு மாறுதுங்க. என்ற தம்பி செத்துட்டான். இறங்கறவங்க இறங்கிக்குங்க.”

சிலர் இறங்கினார்கள். பலர் இறங்கவில்லை. ஒரு பேருந்து நிறைய ஆட்களோடுதான் அவள் நெடுநலம் இல்லத்தின் வாசலுக்குப் போய் நின்றாள்.

மேலாளர் அபிநவ் வெளியே வந்தார். எண்பது வயதென்றால் நம்ப முடியாது. வழுவழுவென்ற முகம், அவசரமே இல்லாத நடை. கழுத்தில் சட்டைக் காலருக்கு மேலே தணிவு வில்லை வைத்த சின்னத் தழும்பு.

“அமைதியா இருங்கம்மா. இப்படிக் கத்தினா உங்க ஆயுசுதான் குறையும்.”

துளசிமணி ஓங்கி ஒரு அறை விட்டாள். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணில் கோபமில்லை, அவமானமில்லை. பூ வாடியிருக்கிறதா என்று பார்ப்பது போல அவளைப் பார்த்தார். அடித்தவளுடைய உள்ளங்கைதான் எரிந்தது.

அரசு மருத்துவமனையின் பிணவறைக்கு வெளியே டாக்டர் ரேச்சல் அவளை உட்காரவைத்துச் சொன்னாள். துளசிமணிக்குத் தணிவைப் பற்றித் தெரியும், எல்லோருக்கும் தெரிந்த அளவுக்கு. அன்றுதான் முழுதாகக் கேட்டாள்.

“தைராய்டு சுரப்பி கொஞ்சம் மந்தமா வேலை செய்யறவங்க நெடுநாள் இருக்காங்களோன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்கு ரொம்ப காலமா ஒரு எண்ணம் இருந்துச்சுங்க. அடுப்பு சிறுசா எரிஞ்சா விறகு கூட நாள் வரும் இல்லீங்களா? அப்படி. அதை வச்சுத்தான் தணிவு வில்லையைப் பண்ணினாங்க. கழுத்துத் தோலுக்கு அடியில வச்சா சுரப்பியை அளவா அடக்கி வைக்கும். இதயம் மெதுவா அடிக்கும். குளிரும், சோம்பும், பெருசா எதுவும் மனசைத் தொடாது. ஆனா நூத்தி இருபது வரைக்கும் போகலாம்.”

“என்ற தம்பி கழுத்துல இருந்தது அது இல்லைங்களே.”

“இல்லைங்க. அது முடுக்கு. அதே வில்லைதான், தலைகீழா வேலை செய்யும். ஒரு ஆள் ரெண்டு ஆள் வேலை பார்ப்பான். எவ்வளவு தின்னாலும் பசிக்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, கை நடுங்கும், நெஞ்சு ஓடிட்டே இருக்கும். எலும்பு கரையும். முடுக்கு வச்சவங்களுக்குச் சூடு சுத்தமா ஆகாது. அவங்களைக் கொண்டுபோய் அந்த அறைகள்ல...” டாக்டர் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தாள். “அன்னைக்குத் திருவிழான்னு பாதிப் பேர் லீவு போல இருக்கு. வந்திருந்தவங்களோட வில்லையை ஆபீஸ்ல இருந்தே ஏத்தி விட்டிருக்காங்க.”

“யாருங்க ஏத்துனது?”

“யார் கையில அந்த அதிகாரம் இருக்கோ அவங்கதான்.”

துளசிமணி உள்ளே போய்த் தம்பியின் காலைப் பார்த்தாள். மெலிந்து, நரம்போடி, ஒரு கிழவனின் கால் போல இருந்தது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்டாச் சோற்றைத் தின்றுவிட்டு “இன்னுங் கொஞ்சம் போடுக்கா” என்பான். நன்றாகத் தின்கிறானே என்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

அந்த வருடம் அப்படி இறந்தவன் மயில்சாமி ஒருவன் மட்டும் இல்லை. நெடுநலத்துக்கு ஊர் ஊராக இல்லங்கள். ஒவ்வொன்றிலும் இப்படி ஓரிருவர். நாற்பத்தொரு குடும்பங்கள் சேர்ந்து தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது இரண்டு: முடுக்கு வில்லையைத் தடை செய்ய வேண்டும். ஏற்றிவிட்டவர்கள் சிறைக்குப் போக வேண்டும்.

விசாரணை நாளன்று துளசிமணி மயில்சாமியின் ஒன்பது வயது மகள் நறுமுகையையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்ணைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். இனி எல்லாம் அத்தைதான். மண்டபம் கொதித்தது. பல்லடத்துக்காரர் ஆறுச்சாமி, மனைவியையும் மகனையும் ஒரே இல்லத்தில் பறிகொடுத்தவர், எழுந்து நின்று கத்தியே தொண்டை கட்டிக்கொண்டார்.

நீதிபதிக்கு எண்பத்தாறு வயது. தணிந்தவர். மேலே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநலத்தின் வழக்கறிஞர் விஸ்வேஸ்வரனும் தணிந்தவர்தான். அவர் எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, கால அவகாசம் கேட்டார்.

“எவ்வளவு?” என்றார் நீதிபதி.

“இருபத்தைந்து ஆண்டுகள், ஐயா. சராசரி ஆயுளை வைத்துப் பார்த்தால் இது நியாயமான அவகாசம் என்று சட்டமே சொல்கிறது.”

துளசிமணி தன் காதில் தவறாக விழுந்ததாகத்தான் நினைத்தாள். நீதிபதி தலையசைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

“இருபத்தஞ்சு வருஷமா?” அவள் பெஞ்சின் மீதே ஏறிவிட்டாள். “சாமி, இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேரு அன்னைக்கு இருக்க மாட்டாங்க! கேசு போட்டவங்க செத்தா கேசும் செத்துப் போகும்னு நீங்கதான சட்டம் எழுதி வச்சிருக்கீங்க! உங்களுக்கு இருபத்தஞ்சு வருஷம்னா ஒரு மத்தியானத் தூக்கம். எங்களுக்கு அதுதாஞ் சாமி வாழ்க்கை!”

“உட்காருங்கம்மா,” என்றார் நீதிபதி கனிவாக. “எதற்கு இவ்வளவு அவசரம்?”

வெளியே மரத்தடியில் நின்று துளசிமணி அழுதாள். துக்கத்தில் வரும் அழுகை அல்ல அது. பல்லைக் கடித்துக் கடித்து வந்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. அந்த மனிதர்கள் யாரையும் எதிர்த்துப் போராட வேண்டியதே இல்லை. காத்திருந்தால் போதும். எதிரே நிற்பவர்கள் தானாகவே செத்துப் போவார்கள்.

சில மாதங்கள் கழித்து நெடுநலத்திலிருந்து மரியாதையான ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். “உங்க மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லைங்க. நீங்க நல்லா இருக்கணும். விருப்பப்பட்டா தணிவு வில்லை இலவசமா வச்சுத் தர்றோம். வழக்கு நாளுக்கு நீங்க இருக்கணும் இல்லீங்களா?”

துளசிமணி அவளுடைய செருப்பை எடுத்துத் தெருவில் வீசினாள். “செருப்பைத் தேடிட்டே போயிரு. என்ற தம்பியக் கொன்ன கையால எனக்கு ஆயுசா?” ஆனால் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி அவளுக்கு ஆசை வந்துவிட்டிருந்தது. அந்த வெட்கத்தில் இப்படி ஒருத்தி வந்து போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு முதல் மாரடைப்பு வந்தது. உக்கடம் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சரிந்தாள்.

“இந்தக் கோபத்தை வச்சுக்கிட்டு நீங்க அறுபத்தஞ்சைப் பார்க்கறது கஷ்டங்க,” என்றாள் டாக்டர் ரேச்சல்.

“கேசுக்கு இன்னும் பதினெட்டு வருஷம் இருக்குது.”

“இப்ப அரசு ஆஸ்பத்திரியிலயே தணிவு வைக்கறோம்.” டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “ஆனா வச்சீங்கன்னா நீங்க இருப்பீங்க, இந்தக் கோபம் இருக்காது.”

நறுமுகைக்கு அப்போது பதினாறு வயது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

“வேண்டாங்கத்தை. அவங்கள மாதிரி ஆயிருவீங்க.”

“ஆவேன் கண்ணு. கேசுக்கு ஆறு மாசம் இருக்கறப்ப நீ வந்து அதை எடுத்து விட்டுரோணும். நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். என்ற பேச்சைக் கேக்காத. இழுத்துட்டுப் போ. சத்தியம் பண்ணு.”

பெண் அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

தணிவு ஒரே நாளில் வரவில்லை. முதலில் கால் விரல்கள் குளிர்ந்தன. பிறகு நாக்கில் காரம் குறைந்தது. ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுந்ததை மெதுவாகப் புரிந்துகொண்டு அவள் வண்டியை நகர்த்தியபோது பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டிப்போவில் சாவியைக் கொடுத்தாள். முப்பது வருடம் உயிராக நேசித்த வேலை. வருத்தமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் படுத்தாள்.

வருடங்கள் அப்படியே போயின. காலையில் வெயில் ஜன்னலுக்கு வரும், மாலையில் போகும். சுவரில் மயில்சாமியின் படம் இருந்தது. அது தன் தம்பி என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

நறுமுகைக்குக் கல்யாணம் ஆயிற்று. முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. மருத்துவமனையில் அத்தையின் மடியில் முகம் புதைத்து அவள் கதறியபோது, துளசிமணி அவள் முதுகில் கைவைத்து, “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டாள். நறுமுகை தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் சொன்னபடி வந்தாள். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணாக, அப்பாவின் அதே தாடையோடு, வாசலில் நின்றாள்.

“கெளம்புங்கத்தை. வில்லையை எடுக்கோணும்.”

“எதுக்கு கண்ணு? நல்லாத்தான இருக்குது. கேசு எங்கியும் ஓடிறாது. இன்னொரு தடவை தள்ளி வச்சாலும் நான் இருப்பேனே.”

“இது நீங்க பேசல. உங்க கழுத்துல இருக்கறது பேசுது.” நறுமுகை அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். துளசிமணி எதிர்க்கவில்லை. சத்தியம் நினைவுக்கு வந்து போனாள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். எதிர்க்கிற அளவுக்கு அவளுக்கு எதுவும் முக்கியமாகப் படவில்லை, எழுப்பினார்கள், நடந்தாள்.

டாக்டர் ரேச்சலும் கிழவியாகியிருந்தாள், தணியாத சாதாரணக் கிழவியாக. “இந்த இதயம் பதினேழு வருஷமா மெதுவா அடிச்சுப் பழகினது,” என்று நறுமுகையிடம் தனியாகச் சொன்னாள். “சூடு திரும்பினா தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

“அவங்க கேட்டது இதுதானுங்க டாக்டர்.”

வில்லையை எடுத்துச் சில வாரங்கள் போனதும் ரசத்தில் மிளகு தெரிந்தது. போர்வை உறுத்தியது. ஒரு காலை, நறுமுகை வீட்டு அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த துளசிமணி அருவாமனையைத் தள்ளிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் எதுவோ உடைந்து மேலே வந்தது.

“முகை! முகை!”

நறுமுகை பதறி ஓடி வந்தாள்.

“உன்ற கொழந்தை... அந்தக் கொழந்தை எப்படி இருந்துச்சு? நான் பாக்கவே இல்லையே. நீ கதறறே, நான் சாப்பிட்டியான்னு கேக்கறேன். நானெல்லாம் ஒரு மனுசியா?”

இருவரும் அடுப்படித் தரையில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மறுநாள்தான் துளசிமணி தம்பிக்காக அழுதாள். அதற்கும் அடுத்த நாள் கோபம் வந்தது. பழைய கோபமாகவே வந்தது. கூடவே பறிபோன பதினேழு வருடங்களின் கோபமும் சேர்ந்துகொண்டது. நெஞ்சு படபடத்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தீர்ப்பாயத்தில் அதே நீதிபதி. சால்வை மட்டும் புதிது. எழுபத்தாறு வயதுத் துளசிமணி கூண்டில் ஏறி நின்று பேசினாள். தம்பி எப்படித் தின்றான், எப்படி இளைத்தான், எந்தச் சூட்டில் விழுந்தான், விழுந்தவனை விட்டுவிட்டு அந்த அறைக் கிழவருக்கு முதலில் போர்வை போர்த்தினார்கள் என்பதையெல்லாம் சொன்னாள். “இவங்க ஒவ்வொரு வருஷமும் கூட வாழ்ந்தது எங்க ஆளுங்களோட வருஷத்தை எடுத்துத்தான் சாமி! கடையில வாங்கினது இல்ல, எங்க வீட்டுல இருந்து புடுங்கினது!” குரல் மண்டபத்தின் கூரையில் மோதியது.

யாரும் அசையவில்லை.

விஸ்வேஸ்வரன் மெதுவாக எழுந்தார். “உருக்கமாகப் பேசினார்கள். எங்கள் தரப்புக்கு இன்னும் இருபது ஆண்டுகள் அவகாசம் வேண்டும், ஐயா. இரண்டாம் முறை அவகாசத்துக்கு மனுதாரர்களில் பெரும்பாலோர் சம்மதித்தால் போதும்.”

“மற்ற மனுதாரர்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்றார் நீதிபதி.

துளசிமணி நம்பிக்கையோடு திரும்பினாள். ஒருவர் கூடச் சாகவில்லை. நாற்பது பேரும் வந்திருந்தார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து நாற்பது பேரும்! அந்த ஆச்சரியம் தீர்வதற்குள் அவள் கண் அவர்களுடைய கழுத்துகளில் போய் நின்றது. மஃப்ளர், சால்வை, கம்பளித் துண்டு. மத்தியான வெயிலில் நாற்பது பேரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஆறுச்சாமி இருந்தார். அவளைப் பார்த்துச் சாந்தமாகச் சிரித்தார்.

“ஆட்சேபணை ஒண்ணுமில்லீங்,” என்றார். “நிதானமாவே பாக்கலாம்.”

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். நீதிபதி இருபது ஆண்டுகள் என்று எழுதிக்கொண்டார்.

மண்டபத்தை விட்டு வெளியேறும்போது விஸ்வேஸ்வரன் அவள் அருகில் வந்தார். அவர் குரலில் ஏளனமில்லை. “உங்களுக்கும்தானே அம்மா ஆள் அனுப்பினோம்? நீங்கள் ஒருவர்தான் அன்று வேண்டாம் என்றீர்கள். பாருங்கள், எல்லாரும் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள்.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த மரியாதையான பெண் நாற்பத்தொரு கதவுகளையும் தட்டியிருக்கிறாள். ஒவ்வொருவரும் அந்த வெட்கத்தைத் தனியாக விழுங்கிக்கொண்டு, வழக்குக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு, கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். கொன்றவர்களே உயிர் கொடுத்திருக்கிறார்கள். உயிரைக் கொடுத்துவிட்டு, அதற்குள் இருந்ததை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நறுமுகை வெளியே காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவ்வளவுதானா அத்தை? இனி என்ன பண்றது?”

துளசிமணியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு வாங்கினாள். “பெரும்பாலோர் சம்மதிச்சாத் தள்ளி வைக்கலாம்னா, பெரும்பாலோர் இனி ஒத்துக்கலைன்னு சொன்னா கேசை உடனே எடுத்துத்தான கண்ணு ஆகோணும்?”

“அவங்க எங்க ஒத்துக்காம இருக்கப் போறாங்க? பாத்தீங்க இல்ல?”

“பாத்தேன். ரேச்சல் டாக்டருக்குப் போனைப் போடு. எங்கூட நாலு ஊர் வரோணும்னு சொல்லு.”

“உங்க நெஞ்சு...”

“அது ஓடற வரைக்கும் ஓடட்டும். வண்டிய எடு.”

மறுநாள் காலை மூவரும் பல்லடத்தில் ஆறுச்சாமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உள்ளே ஹீட்டர் ஓடியது. அவர் நாற்காலியில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைக் கண்டு மகிழவுமில்லை, சங்கடப்படவுமில்லை. துளசிமணி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, உங்க ஊட்டுக்காரங்க பேரு என்னுங்க?”

“பாவாத்தா.”

“பையன் பேரு?”

“குணசீலன்.” சொல்லிவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே வாரத்துல போயிட்டாங்க,” என்று சேர்த்துக்கொண்டார். மழை வந்துபோன செய்தியைச் சொல்வது போல இருந்தது.

“அதைச் சொல்றப்ப உங்களுக்கு எப்படி இருக்குது?”

ஆறுச்சாமி கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணுமில்லம்மா.” பிறகு, முதல் தடவையாக, அவர் நெற்றியில் மெல்லிய சுருக்கம் ஒன்று விழுந்தது. “இருக்கோணுமில்ல?”

“இருக்கோணுங்கண்ணா.”

டாக்டர் ரேச்சல் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆறுச்சாமி அந்தப் பையைப் பார்த்தார். எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது மெதுவாக அவருக்கு எட்டியது.

“எடுத்தா வலிக்குமா?”

“வலிக்கும்ணா,” என்றாள் துளசிமணி. “தாங்க முடியாத அளவுக்கு வலிக்கும். அதுக்குத்தாங்ணா வந்திருக்கறேன்.”

ஆறுச்சாமி அவளைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, கழுத்தைச் சுற்றியிருந்த மஃப்ளரின் முடிச்சைத் தேடத் தொடங்கினார்.